மரைக்கார் கழற்றிய ஏரா

1

சுங்கக் கந்தோரிலிருந்து ஒரு கடதாசி வந்தது. இலங்கையிலிருந்து எனக்கு ஒரு பொதி வந்திருக்கிறதாம். அதற்குள் இருக்கும் ஒரு பொருள் என்னவென்று அவர்களுக்கு விளங்கவில்லையாம். வசதிப்பட்டால் நான் வந்து விளக்கினால் பெரிய உதவியாக இருக்குமாம். இந்த நாட்டில் மிரட்டுவதைக்கூட வேண்டுகோளாகத்தான் செய்வார்கள். அரைநாள் வேலையை விட்டுவிட்டுப் போனேன்.

பொதி சாய்ந்தமருதிலிருந்து என் ராத்தா அனுப்பியது. இடுப்பில் கட்டுகிற மருதமுனைச் சாரம் ஒன்று, மாசிக் கருவாடு ஒரு கட்டு. சாரத்தை அதிகாரி விரித்துப் பார்த்து, மேசைவிரிப்பு என்று தானாகவே முடிவு செய்துவிட்டார். மாசியை முகர்ந்து பார்த்தவர் ஜன்னலைத் திறந்தார். மிஞ்சியது ஒரு ஈயக் குண்டு. விரல் நீளம், நடுவே துளை.

“இது என்ன?”

“வலைக்குக் கட்டுகிற ஈயம்.”

“நீங்கள் மீன் பிடிப்பவரா?”

“இல்லை. படகுத் தச்சன்.”

“அப்படியானால் எதற்கு அனுப்பியிருக்கிறார்கள்?”

“அது என் அக்காவுக்குக் கிடைத்த கறிமீன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ஈயத்தைப் பார்த்தார், பிறகு தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். அதில் ஈயத்துக்கு ஒரு பக்கம் இருந்தது, மீனுக்கு ஒரு பக்கம் இருந்தது, ஈயமாக வந்த மீனுக்குப் பக்கம் இல்லை. எந்த நாட்டில் உற்பத்தியானது என்று கேட்டார். “இங்கிலாந்தில்” என்றேன். அதுவும் உண்மைதான். இந்த ஈயம் இங்கே ஒரு பாய்ப்படகின் அடியில் வார்க்கப்பட்டு, கடல் கடந்து போய், எங்கள் ஊரில் உருக்கப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. கடைசியில் அவர் “அன்பளிப்பு, பெறுமதி இல்லை” என்று எழுதி முத்திரை குத்தினார். முழுக் கதையையும் கேட்க அவருக்கு நேரமில்லை. நீங்கள் கேளுங்கள்.

2

ஊரில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் ஆதம்பாவா. இங்கே பட்டறையில் ஆதம். இங்கிலாந்தின் தென்கரையில், காலையில் கடலும் மாலையில் சேறுமாக இருக்கிற ஒரு சின்னத் துறைமுகத்தில் பாய்ப்படகு கட்டும் பட்டறை இது. என் வேலை ஏரா பொருத்துவது. ஏரா என்றால் படகின் வயிற்றுக்குக் கீழே முதுகெலும்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை. இந்த நாட்டுப் படகுகளில் அதன் அடியில் ஈயத்தையோ இரும்பையோ வார்த்து ஆணி போட்டு முடுக்கிவிடுவார்கள். காற்று படகைச் சாய்த்தால் அந்தப் பாரம் நிமிர்த்தும். காற்று பக்கமாகத் தள்ளினால் அந்தக் கட்டை தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நழுவ விடாது. இவ்வளவுதான் என் வித்தை. இதை இங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் வெள்ளைச் சப்பாத்துப் போட்டு வரும் கனவான்கள் மதுக்கோப்பையுடன் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். கதைத்து முடிந்தபின் என்னிடம் வந்து, உன் நாட்டில் கடல் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது, உங்களுடையதைவிடச் சூடானது என்பேன்.

மனைவி டோரிஸ் இந்த ஊர்க்காரி. மகளுக்கு மைமூன் என்று பெயர் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் அதை மே என்று வெட்டிவிட்டார்கள். மிச்சத்தை எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை. பதினேழு வயதாகிறது. தமிழில் “வாப்பா” என்ற ஒரு சொல் தெரியும், அதையும் கைச்செலவுக்குக் காசு தேவைப்படும்போதுதான் சொல்வாள்.

3

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் ஊர் மண் வாசனை என்று உருகுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. நான் ஏன் ஊரை விட்டேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எங்கள் கரையில் கல்முனையிலிருந்து ஒலுவில் வரைக்கும் ஒரு துறைமுகம் கிடையாது. தோணிகள் அலையை வெட்டிக்கொண்டு நேரே மணலுக்கு வரும். அங்கே நங்கூரம் போட்டு நிற்க இடமில்லை. அடுத்த அலைக்குள் மேலே இழுத்துவிட வேண்டும். அதற்கு ஊரே கை வைக்க வேண்டும். கயிற்றில் கை வைத்த ஒவ்வொருவருக்கும் கறிக்கு ஒரு மீன். வைத்தவர் யாராக இருந்தாலும், வைத்தது ஒரு விரலாக இருந்தாலும் மீன் உண்டு. எங்கள் வழக்கம் அது. கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? கை வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன்.

என் வாப்பா ஒரு நோன்பு மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மீன் பிடித்துத் திரும்பும்போது கடலில் நின்று பெருநாள் பிறையைக் கண்டார். வந்து பள்ளியில் சொன்னார். பள்ளிவாசலின் தலைவர் உசனார் மரைக்கார். அவர் சொன்னால்தான் ஊருக்குப் பெருநாள்.

“ஊருக்கே தெரியாத பிறை உன்ட கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சிச்சோ?” என்றார் மரைக்கார்.

“ஊரு கரையில நிண்டு பாத்திச்சு, தென்னந்தோப்பு மறைச்சிரிக்கும். நான் கடல்ல நிண்டு பாத்தன்” என்றார் வாப்பா.

ஒருவர் சாட்சி போதாது என்றார்கள். போதாது என்றதோடு விட்டிருக்கலாம், பொய்யன் என்றார்கள். மறுநாள் ஊர் நோன்பு பிடித்தது. வாப்பா கடற்கரையில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து சோறு தின்றார். கண்ணால் பிறை கண்டவன் நோன்பு பிடிக்கக் கூடாது என்பது அவர் வாதம். வீட்டுக்குள் இருந்து தின்றிருக்கலாம்தான். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

அன்றைக்கு மரைக்கார் ஒரு வார்த்தைதான் சொன்னார், அவன் கயிற்றில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று. பெருநாள் கழிந்து எங்கள் தோணி கரைக்கு வந்தபோது எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டியபடி நின்று பார்த்தார்கள். வாப்பாவும் நானும் மச்சானும் இழுத்தோம். மச்சான் என்றால் ராத்தாவின் புருசன் இபுறாலெவ்வை, அப்போது புது மாப்பிள்ளை. மூன்று பேர் இழுத்து வருகிற பாரமில்லை அது. அலை தோணியைத் திருப்பிப் போட்டு, பொழுது படுமுன் பலகை பலகையாகப் பிரித்துக் கொடுத்தது. வாப்பா அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. நான் கொழும்புக்குப் போய் ஒரு கப்பலில் தச்சனுக்கு எடுபிடியாக ஏறினேன்.

4

இங்கே வந்து முதல் முதலாக ஒரு ஏராப் படகைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அழகுக்காக இல்லை. அது கரைக்கே வரத் தேவையில்லை. நடுத்துறையில் மிதவையில் கட்டிவிட்டுச் சின்ன ஓடத்தில் ஏறி வீட்டுக்குப் போகலாம். யாருடைய கையும் வேண்டாம், யாருக்கும் சலாம் சொல்ல வேண்டாம், யாருக்கும் கறிமீன் கொடுக்க வேண்டாம். இதைக் கண்டுபிடித்தவன் நிச்சயமாக ஊரோடு கோபித்தவனாகத்தான் இருப்பான் என்று நினைத்தேன்.

ஏராக்களில் வகை உண்டு. முன்னாலிருந்து பின்னால் வரை நீளமாக ஓடும் ஏரா ஒரு வகை. அது பிடித்த திசையை விடாது. சுக்கானை விட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றலாம், படகு தன் பாட்டில் நேரே போகும். ஆனால் திருப்புவதென்றால் ஒரு குடாவே வேண்டும். அப்படிப்பட்ட படகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உசனார் மரைக்காரின் முகம் தெரியும்.

மீன் செட்டை மாதிரிக் குட்டையாகவும் ஆழமாகவும் இறங்குவது இன்னொரு வகை. காற்றை எதிர்த்து ஏறுவதில் அதற்கு நிகரில்லை. தொட்டால் திரும்பும். கையை எடுத்தால் எங்கே திரும்புமென்று சொல்ல முடியாது. மே அப்படி ஒரு படகில்தான் பந்தயம் ஓடுகிறாள். அவளுக்கும் அதற்கும் நல்ல பொருத்தம்.

மூன்றாவது, இப்போது எல்லாரும் கேட்கிற இரட்டை ஏரா. தண்ணீர் வடிந்ததும் மற்றப் படகெல்லாம் சேற்றில் சரிந்து கிடக்க, இது மட்டும் இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும். பார்க்கக் கௌரவமாக இருக்கும். ஆனால் ஓட்டத்தில் இரண்டு காலும் தண்ணீரை இழுக்கும், காற்றுக்கு எதிரே ஏறச் சொன்னால் மூச்சு வாங்கும். புலம்பெயர்ந்தவனுக்கென்றே செய்தது. ஒன்றை வாங்கி என் பெயரை எழுதலாமா என்று யோசித்திருக்கிறேன்.

5

போன நோன்பு மாதத்தில் ராத்தாவின் கடிதம் வந்தது. அவள் அறபுத் தமிழில் எழுதுவாள், அறபு எழுத்தில் தமிழை. டோரிஸ் அதை வேதம் என்று நினைத்து உயரமான தட்டில் பக்தியோடு வைத்திருந்தாள். உள்ளே பாதிக்கு மேல் பக்கத்து வீட்டுக் கோழியைப் பற்றித்தான் இருந்தது. கோழிக்குப் பிறகு இப்படி எழுதியிருந்தாள்.

“தம்பி, ஒரு புதினம். மேக்கால புதுக்கொளம் கட்ட வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் கொளத்தில ஓட்டின பாய்க்கப்பல மரைக்கார் வாங்கி லொறியில கொண்டந்திட்டாரு. பெருநாளைக்கு மத்த நாள் கடல்ல ஓடப் போறாராம். மச்சான்தான் சுக்கான் புடிக்கிற. அடியில ஈயம் ஒண்டு தொங்குது, மணல்ல குத்திக்கிட்டு இழுக்கேலாம இரிக்கி. அதக் கழட்டிட்டா நம்மட தோணி மாதிரி இழுத்துப் போடலாம் எண்டு எல்லாரும் சொல்றாங்க. ஈயத்த உருக்கினா ஊரு வலைக்கெல்லாம் காணும்.”

நான் எழுந்து நின்று மறுபடி வாசித்தேன். ஊர்க்காரர் முட்டாள்கள் இல்லை. அவர்கள் கரைக்கு அவர்கள் நினைத்தது சரியான யோசனை. மணலில் ஏற வேண்டிய படகுக்கு அடியில் என்ன வால்? நல்ல ஈயம் வேறு. ஆனால் எங்கள் தோணிக்குக் குட்டைப் பாய். இதற்கோ தென்னை உயரத்தில் பாய்மரமும் அதற்கேற்ற பாயும். அந்தப் பாயை நிமிர்த்திப் பிடிப்பதே அந்த ஈயம்தான். ஏராவைக் கழற்றிவிட்டுப் பாயை மட்டும் விரித்தால் முதல் நல்ல காற்றிலேயே படுத்துவிடும். கச்சான் காற்று வீசும் காலம். சுக்கானில் என் மச்சான். அவனுக்கு நான்கு பிள்ளைகள்.

கடிதம் எழுதினால் பெருநாளுக்கு முன் போய்ச் சேராது. பெருநாள் எப்போது என்பதும் எனக்குத் தெரியாது. மரைக்கார் எந்த நாளில் பிறையை நம்புகிறாரோ அந்த நாள்.

6

தபால் கந்தோருக்கு ஓடினேன். மே கூட வந்தாள். ராத்தாவுக்குத் தந்தி கொடுத்துப் பயனில்லை, மச்சான் மரைக்காரின் பேச்சைத் தட்டி ஊரில் இருக்க முடியாது. நிறுத்தக் கூடியவர் ஒருவர்தான். வாப்பாவின் தோணியை அலைக்குக் கொடுத்த மனிதரின் பெயரைத் தந்தித் தாளில் என் கையாலேயே எழுதினேன். எழுத வலித்தது.

“ஏராவைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் படகு கவிழும். ஆதம்பாவா.”

கவுண்டரில் இருந்த பெண் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சாய்ந்தமருது என்பது ஒரே சொல்லா என்று கேட்டாள். ஒரே சொல் என்றேன். எந்த நாடு என்று கேட்டாள், சொன்னேன். அங்கே தேயிலை எப்படி என்று கேட்டாள். மனிதர் உயிர் போகிற காரியம் என்றேன். “ஐயோ பாவம்” என்று சொல்லிவிட்டு, முன்போலவே ஆற அமரச் சொற்களை எண்ணினாள்.

“இதே கட்டணத்தில் இன்னும் ஒரு சொல் போடலாம். வீணாக விட வேண்டாமே. ‘அன்புடன்’ என்று போடட்டுமா?”

நான் வாயைத் திறக்குமுன் மே சொன்னாள், “போடுங்கள்.”

இங்கே அது ஒரு சொல்லே இல்லை. பால்காரனுக்கு எழுதும் துண்டிலும் அதைப் போடுவார்கள். எங்கள் ஊரில் நான் பிறந்ததிலிருந்து கப்பலேறும் வரை யாரும் யாருக்கும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. வாப்பா உம்மாவிடம் சொன்னதில்லை, உம்மா எங்களிடம் சொன்னதில்லை. தட்டில் மீன் நடுத்துண்டு விழுந்தால் விளங்கிக்கொள்வோம். அந்தச் சொல் கடலடிக் கம்பி வழியாக உசனார் மரைக்காருக்குப் போனது.

7

மிச்சத்தை மச்சான் சொல்லச் சொல்ல ராத்தா எழுதியிருக்கிறாள். அந்தக் கடிதமும் ஈயமும்தான் சேர்ந்து வந்தன.

தந்தி போய்ச் சேர்ந்தது, பெருநாளுக்கு முதல் நாளே. மரைக்காரின் மருமகன் இங்கிலீசு படித்தவர். முற்றத்தில் எல்லாரையும் வைத்துக்கொண்டு வாசித்து அர்த்தம் சொன்னார். கவிழும் என்றதும் மரைக்கார் யோசித்தாராம். அதற்குள் கழற்றி வைத்திருந்த ஈயத்தைத் திரும்பப் பூட்டலாமா என்றுகூடக் கேட்டாராம். அப்போது மருமகன் கடைசிச் சொல்லை வாசித்தார்.

“திரும்ப வாசி” என்றார் மரைக்கார். வாசித்தார்.

“இவன்ட வாப்பாட தோணிய உடைச்சவன் நான். இவன் எனக்கு அன்பு அனுப்புறானா? இதில சூது இரிக்கி. கப்பல ஓட்டினா ஊரு என்னப் பெரிசா மதிக்குமே எண்டு எரிச்சல். ஓடுறது ஓடுறதுதான்.”

ஓடினார்கள். ஈயத்தையும் அதைத் தாங்கிய கட்டையையும் கழற்றியிருந்ததால் படகு தக்கை மாதிரி மணலில் இறங்கியதாம், எல்லாரும் மெச்சினார்களாம். மரைக்கார் கோட்டும் துருக்கித் தொப்பியுமாக நடுவில் உட்கார்ந்தார். துடுப்புப் போட்டு அலை தாண்டும் வரை ஒன்றும் இல்லை. பாயை ஏற்றினார்கள். மச்சான் சொன்னதை ராத்தா அப்படியே எழுதியிருக்கிறாள்:

“சுக்கான் கைக்கு அம்பிடவே இல்ல. மூக்கு கிழக்க பாக்குது, கப்பல் நண்டு மாதிரி வடக்க மருதமுனைப் பக்கமாப் போகுது. மறுகாக் கச்சான் ஒரு அடி அடிச்சிச்சு. படுத்திச்சு. எழும்பல்ல.”

நிமிர்த்தும் பாரம் கரையில் சட்டியில் உருகிக்கொண்டிருந்தது. எப்படி எழும்பும்?

மச்சான் மரைக்காரின் கோட்டுக் காலரைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறான். தோணி ஒன்று போய் இரண்டு பேரையும் தூக்கியது. அல்லாட காவல், உயிர்ச்சேதம் இல்லை. தொப்பி மட்டும் மவுத்து.

படகு அலையோடு உருண்டு மணல் விளிம்புக்கு வந்தது. கயிறு கரையில் கிடந்தது. ஊரே நின்றது. மரைக்கார் குப்புறக் கிடந்து உப்புத் தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் கை வைத்துப் பழக்கமில்லாத ஊர், வேட்டியை மடித்துக் கட்டியபடி பார்த்துக்கொண்டு நின்றது. அதே கரை, அதே நிற்பு. சந்தோசப்பட வேண்டியவன் நான். சந்தோசம் வரவில்லை.

ராத்தா புருசனுக்கு என்ன ஆனதோ என்று முக்காட்டோடு ஓடி வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு நடந்ததை ஒரு வரியில் முடித்துவிட்டாள்: “நான் போய்க் கயித்தப் புடிச்சன். மறுகா எல்லாரும் புடிச்சாங்க.”

படகு கரையேறியது. கை வைத்தவருக்குக் கறிமீன் கொடுக்க வேண்டும், படகிலோ மீன் இல்லை. அன்று பின்னேரம் மரைக்கார் வீட்டிலிருந்து கை வைத்த எல்லாருக்கும் ஆளுக்கொரு ஈயக் குண்டு போனது. முதல் குண்டு ராத்தாவுக்கு. அதை அவள் வலையில் கட்டவில்லை. “இது வாப்பாட பங்கு, நீ வெச்சுக்க” என்று எனக்கு அனுப்பிவிட்டாள்.

8

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது.

“மரைக்கார் இப்ப வெளிய வாறது குறைவு. போன ஜும்ஆவுக்குப் பொறகு மச்சானக் கூப்பிட்டுக் கேட்டாராம். ‘அவன் எழுதின மத்ததெல்லாம் மெய்யாப் போச்சு. அந்தக் கடைசிச் சொல்லும் மெய்தானா எண்டு கேட்டு எழுதச் சொல்லு’ எண்டு. என்ன சொல்ற தம்பி?”

மூன்று நாள் பதில் எழுதவில்லை. டோரிஸ் சொன்னாள், உண்மையை எழுதுங்கள், அது கவுண்டர்ப் பெண்ணின் சொல் என்று. எழுதலாம். எழுதினால் கிழவர் நிம்மதியாகத் தூங்குவார். தான் நினைத்தபடிதான் உலகம் இருக்கிறது, தன் மேல் யாருக்கும் அன்பில்லை, சந்தேகப்பட்டது சரிதான் என்று. அந்த நிம்மதியை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. மெய்தான் என்று எழுதவோ, வாப்பாவின் தோணிப் பலகைகள் குறுக்கே வந்து நின்றன.

ஞாயிற்றுக்கிழமை மே பந்தயம் முடித்து நனைந்த தலையோடு வந்தாள். ஈயக் குண்டை எடுத்து உருட்டிக்கொண்டு, யாருடையது என்று கேட்டாள். முழுக் கதையையும் சொன்னேன். பிறையை, சோற்றை, கயிற்றை, எல்லாவற்றையும். என் வாப்பாவைப் பற்றி அவளிடம் அன்றுவரை நான் சொன்னதே இல்லை.

“அன்றைக்கு ஏன் போடுங்கள் என்று சொன்னாய்?” என்று கேட்டேன்.

“ஒரு மனிதர் மூழ்கப் போகிறார் என்றீர்கள். அவருக்கு நாம் அனுப்புகிற கடைசிச் சொல் ‘கவிழும்’ என்றா இருக்க வேண்டும்?” என்றாள். பிறகு பசிக்கிறது என்று அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கே ராத்தாவுக்கு எழுதினேன், அறபு எழுத்தில். கோழியை விசாரித்தேன். கடைசியில் இதைச் சேர்த்தேன்:

“ஓம், மெய்தான் எண்டு மரைக்காரிட்டச் சொல்லுங்க. ஆனா அனுப்பினது நானில்ல. பிறை கண்ட மனிசன்ட பேத்தி. விரும்பினா இந்த முறையும் அவர் நம்பாம இரிக்கலாம்.”